ஏஐ துணையோடு இணையவழிப் பயிற்சி வடிவமைத்தல்: ஓர் ஓட்டல் சமையலறையை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

"ஓட்டல் பணியாளர்களுக்கு உணவுப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று தயாரித்துக் கொடு" என்று சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என எதனிடம் கேட்டாலும் ஒரு நிமிடத்துக்குள் பத்துப் பாடங்கள் வந்துவிடும். அறிமுகம், கிருமிகளின் வகைகள், தன்சுத்தம், சேமிப்பு முறைகள், சட்டம், இறுதித் தேர்வு என்று தலைப்புகள் வரிசையாக இருக்கும். எழுத்துப் பிழையும் அதிகம் இருக்காது. ஆனால் அந்த வகுப்பை முடித்த பரோட்டா மாஸ்டர் மறுநாள் காலை எந்த வேலையை மாற்றிச் செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கான பதில் அந்தப் பத்துப் பாடங்களில் எங்கும் இருக்காது.

இணையவழிப் பயிற்சி தயாரிப்பவர்களுக்கு ஏஐ பெரிய உதவி என்று உறுதியாக நம்புகிறேன். அந்த உதவியைப் பலரும் தவறான இடத்தில் கேட்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பாடத்தை எழுதச் சொல்வதில் கிடைக்கும் பலன் குறைவு. வேலை தெரிந்தவரிடம் என்ன கேட்பது என்று திட்டமிடவும், பணியாளர்கள் செய்யக்கூடிய தவறுகளை யூகிக்கவும், சூழல் கேள்விகளை உருவாக்கவும், நாம் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கவும் பயன்படுத்தினால் பலன் பல மடங்கு. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் நடைமுறை வரை போகலாம்: தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர ஓட்டலின் சமையலறைப் பணியாளர்களுக்கான உணவுப் பாதுகாப்புப் பயிற்சி. உங்கள் துறை தையலாக இருந்தாலும் கணக்குப் பதிவாக இருந்தாலும் வரிசை இதேதான்.

படி 1: ஏஐயைத் திறக்கும் முன் வேலையைப் பாருங்கள்

முதலில் ஒரு முழு நாள் சமையலறையில் நில்லுங்கள். யார் என்ன செய்கிறார்கள், எந்த நேரத்தில், எந்தப் பாத்திரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். சரக்கு மாஸ்டர் குழம்பை எப்போது இறக்குகிறார், வடித்த சோறு அண்டாவில் எவ்வளவு நேரம் இருக்கிறது, சப்ளையர் மேசையைத் துடைத்த துணியாலேயே தட்டையும் துடைக்கிறாரா, கிளீனர் குப்பையை எடுத்துவிட்டுக் கை கழுவாமல் இலை போடுகிறாரா, பச்சைக் கோழி வெட்டிய பலகையில் வெங்காயம் வெட்டப்படுகிறதா, வடையும் பஜ்ஜியும் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கப்படுகின்றனவா. செய்தித்தாளில் உணவைப் பொதிவதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தடை செய்திருக்கிறது. ஆனாலும் கல்லாவுக்கு அருகில் அந்தக் காகிதக் கட்டு இருப்பதை நேரில் பார்த்தால்தான் அது பாடத்துக்குள் வரும்.

பார்த்த குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். தெரியாததால் நடக்கும் தவறுகள் ஒரு பக்கம். தெரிந்தும் வசதி இல்லாததால் நடக்கும் தவறுகள் மறுபக்கம். கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை என்றால் கை கழுவுவது பற்றிய காணொளியால் எதுவும் மாறாது. குளிர்பதனப் பெட்டியில் இடம் இல்லை என்றால் மீந்த சோற்றை உடனே குளிரவைக்கச் சொல்லும் பாடம் அந்தப் பணியாளரை அவமானப்படுத்துவதாகவே முடியும். இந்த இரண்டாவது பட்டியலை நேராக உரிமையாளரிடம் கொண்டுபோங்கள். பயிற்சியால் தீராத சிக்கலைப் பயிற்சியின் தலையில் கட்டுவதுதான் நிறுவனப் பயிற்சிகளில் நான் காணும் மிகப் பெரிய வீண்செலவு.

முதல் பட்டியலில் மிஞ்சியவற்றிலிருந்து ஆறு அல்லது ஏழு செயல்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவைதான் வகுப்பு.

இப்போது ஏஐயை அழைக்கலாம். முதல் கட்டளை இப்படி இருக்கட்டும்:

"நான் ஓர் ஓட்டல் சமையலறையில் கவனித்த குறிப்புகள் கீழே உள்ளன. இவற்றை வைத்துப் பாடம் எழுத வேண்டாம். ஒவ்வொரு குறிப்புக்கும், இந்தப் பணியாளர் ஏன் இப்படிச் செய்கிறார் என்பதற்கு மூன்று சாத்தியமான காரணங்களைச் சொல். எதைத் தெரிந்துகொள்ள நான் இன்னும் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கேள்விகளாகக் கொடு."

"பாடம் எழுத வேண்டாம்" என்ற வரி முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் கேட்காமலேயே பாடம் எழுதத் தொடங்கிவிடும்.

படி 2: மூல ஆவணங்களைச் சேகரியுங்கள்

ஏஐ தன் நினைவிலிருந்து சொல்லும் எண்களை நம்பி வகுப்பு நடத்தக் கூடாது. உணவுப் பாதுகாப்பில் இதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 'பாதுகாப்பான உணவுக்கான ஐந்து விதிகள்' சமைக்கும்போது உணவின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்கின்றன. அமெரிக்க வழிகாட்டுதல்கள் கோழி இறைச்சிக்கும் மீந்த உணவைச் சூடாக்குவதற்கும் 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் என்கின்றன. ஏஐ இரண்டையும் படித்திருக்கிறது. ஆகவே இரண்டாம் பாடத்தில் 70 என்றும் ஐந்தாம் பாடத்தில் 74 என்றும் எழுதிவைக்கும். இரண்டுமே ஏதோ ஓர் ஆவணத்தில் உள்ளவைதான். ஆனால் ஒரே வகுப்பில் இரண்டு எண்களைப் பார்க்கும் பணியாளர் இரண்டையும் மறந்துவிடுவார்.

எனவே எந்த ஆவணத்தை அடிப்படையாகக் கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இந்திய ஓட்டலுக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் வந்த உரிம விதிமுறைகளும், அவற்றில் சுகாதார நடைமுறைகளைப் பட்டியலிடும் நான்காம் அட்டவணையும்தான் முதன்மை. அவற்றோடு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து விதிகள் கையேட்டையும் சேர்த்து நோட்புக்எல்எம் போன்ற கருவியில் ஏற்றுங்கள். நீங்கள் கொடுத்த ஆவணங்களுக்குள் மட்டும் தேடி, எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்று சுட்டிக்காட்டும் கருவி அது. அந்தச் சுட்டுதலைச் சொடுக்கி மூலப் பத்தியைப் படித்துப் பார்ப்பதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள்.

இதே கட்டத்தில் ஒரு எண் அட்டவணையைத் தொடங்குங்கள். வெப்பநிலை, நேரம், அளவு, சட்டத்தின் பெயர் என வகுப்பில் வரும் ஒவ்வொரு எண்ணும் அதில் ஒரு வரி. பக்கத்தில் மூல ஆவணம், பக்க எண், சரிபார்த்த தேதி. பாடத்தில் எங்கே எண் வந்தாலும் இந்த அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்று ஏஐக்குக் கட்டளையிடுங்கள். இந்த ஒரு பழக்கம் உங்களைப் பல சங்கடங்களிலிருந்து காப்பாற்றும்.

இன்னொன்று: உங்கள் வகுப்பு எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ ஆணையம் நடத்தும் ஃபோஸ்டாக் (FoSTaC) பயிற்சியின் சான்றிதழுக்கு அது மாற்றாகாது. அதை முதல் திரையிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

படி 3: வேலை தெரிந்தவரின் வாயைத் திறக்க வையுங்கள்

அனுபவமுள்ள மாஸ்டருக்குத் தெரிந்தவற்றில் பாதி அவருக்குத் தெரியும் என்றே அவருக்குத் தெரியாது. எண்ணெய் கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால் "பார்த்தாலே தெரியும்" என்பார். எதைப் பார்த்தால்? அங்கேதான் பேட்டி தொடங்குகிறது.

பேட்டிக்கு முன், ஏஐயிடம் மாஸ்டரைப் பற்றியும் அவர் செய்யும் ஒரு வேலையைப் பற்றியும் சொல்லி, அந்த வேலையின் ஒவ்வொரு முடிவெடுக்கும் தருணத்தையும் வெளிக்கொணரும் கேள்விகளைக் கேளுங்கள். "எந்த அறிகுறியைப் பார்த்து நிறுத்துவீர்கள்?", "புதிதாகச் சேர்ந்த பையன் இந்த இடத்தில் என்ன தவறு செய்வான்?", "அவசர நேரத்தில் எந்தப் படியைத் தாண்டிப் போவீர்கள்?" போன்ற கேள்விகள் நன்றாக வரும். மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பெரும்பாலும் வகுப்பின் உயிர்.

பேட்டியை அவருடைய அனுமதியோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். பேச்சை எழுத்தாக்கும் ஏஐ கருவிகள் இன்று தமிழை ஓரளவு நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் கிரைண்டர் ஓடும் சத்தத்திலும் வட்டார வழக்கிலும் தடுமாறும். முக்கியமாகத் தொழில் சொற்களில் தடுமாறும். அதனால் அண்டா, சரக்கு, பார்சல், கல்லா, தோசைக்கல் என்று அந்தச் சமையலறையில் புழங்கும் சொற்களின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, "எழுத்தாக்கத்தில் இந்தச் சொற்கள் பிழையாக வந்திருக்கலாம், திருத்து, ஐயம் இருந்தால் நீயாக நிரப்பாமல் கேள்விக்குறி போடு" என்று சொல்லுங்கள். அதே பட்டியல் பின்னால் பாடம் எழுதும்போதும் கைகொடுக்கும். 'கொதிகலன்', 'உணவு தயாரிப்புப் பரப்பு' போன்ற யாரும் சொல்லாத சொற்கள் பாடத்துக்குள் நுழைவதை அது தடுக்கும்.

பணியாளர்களின் பெயர், தொலைபேசி எண், உடல்நலத் தகவல், கண்காணிப்புக் கேமரா படங்கள் எதையும் பொதுவான ஏஐ சேவைகளில் ஏற்றாதீர்கள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தன்னை நம்பிப் பேசிய ஒரு தொழிலாளிக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை அது. 'மாஸ்டர் 1', 'சப்ளையர் 2' என்று மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

படி 4: இலக்கைச் செயலாக எழுதுங்கள்

பெஞ்சமின் ப்ளூமும் சகாக்களும் 1956-இல் வெளியிட்ட கற்றல் இலக்குகளின் வகைப்பாட்டை எல்லா ஏஐயும் கரைத்துக் குடித்திருக்கிறது. கேட்டவுடன் 'அறிவார்', 'புரிந்துகொள்வார்', 'விளக்குவார்' என்று இலக்குகள் பொழியும். மாஸ்டர் எதையும் விளக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டும்.

எனவே அளவுகோலைக் கடுமையாக வையுங்கள்: "ஒவ்வொரு இலக்கும் சமையலறை வாசலில் நின்று பார்க்கும் மேற்பார்வையாளர் கண்ணால் காணக்கூடிய செயலாக இருக்க வேண்டும். எப்போது, எந்தச் சூழலில் என்பதும் இருக்க வேண்டும்." அப்போது 'உணவைப் பாதுகாப்பாகச் சேமிப்பதன் முக்கியத்துவத்தை உணர்வார்' என்பது மாறி, 'மதிய வேளை முடிந்ததும் மீந்த சோற்றைத் தாழ்வான தட்டுகளில் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைப்பார்' என்று வரும். இப்படி எழுத முடியாத இலக்கை வகுப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

படி 5: பாடத்துக்கு முன் கேள்விகள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏஐ அதிகம் உழைக்க வேண்டிய இடமும் இதுதான்.

பாடத்தை எழுதிவிட்டு அதிலிருந்து கேள்வி எடுப்பது பள்ளிக்கூட வழக்கம். அப்படி எடுத்தால் 'கிருமிகள் வேகமாகப் பெருகும் அபாய வெப்பநிலை வரம்பு எது?' என்று மனப்பாடக் கேள்விதான் வரும். பதில் 5 முதல் 60 டிகிரி வரை. தெரிந்தவர் கைதூக்கலாம், ஆனால் அண்டாவில் சோறு அப்படியேதான் இருக்கும். இலக்கு முடிவானதும் நேராகக் கேள்விக்குப் போங்கள். அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவுதான் பாடம்.

ஒரு கேள்வியை முழுதாகப் பார்ப்போம். பகல் 12 மணிக்கு வடித்த சோறு அண்டாவில் மூடியிருக்கிறது. மாலை 4 மணிக்குத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. இரவு ஃப்ரைடு ரைஸுக்கு அதுதான் சரக்கு. என்ன செய்வீர்கள்? ஏஐயிடம் வெறுமனே தவறான விடைகள் கேட்டால் 'சோற்றைத் தரையில் கொட்டுவேன்' போன்ற எவரும் தேர்ந்தெடுக்காத விடைகளைத் தரும். அப்படிக் கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்:

"பத்தாண்டு அனுபவமுள்ள, வேலையில் அக்கறையுள்ள ஒரு மாஸ்டர் நல்லெண்ணத்தோடு எடுக்கக்கூடிய தவறான முடிவுகள் எவை? ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் நம்பிக்கையை ஒரு வரியில் எழுது."

இப்போது வருபவை வேறு தரத்தில் இருக்கும். 'பெரிய தீயில் வறுத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும்.' 'இப்போது குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் சரியாகிவிடும்.' 'முகர்ந்து பார்ப்பேன், வாடை இல்லையென்றால் பயன்படுத்துவேன்.' மூன்றும் நம் சமையலறைகளில் அன்றாடம் வாழும் நம்பிக்கைகள். ஒவ்வொன்றையும் உடைக்கும் பதில்தான் உண்மையான பாடம். அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். அப்போது அது உண்டாக்கும் வாந்தி நச்சு, மீண்டும் எவ்வளவு வறுத்தாலும் அழியாது. வாடையிலும் ருசியிலும் எதுவும் தெரியாமல் போகலாம். கையில் புண் உள்ளவர் தொட்ட உணவில் பெருகும் ஸ்டெஃபிலோகாக்கஸின் நச்சும் அப்படித்தான். 'சூடுபடுத்தினால் தீர்ந்தது' என்ற நம்பிக்கையை இந்த இரண்டும் சேர்ந்து தகர்க்கின்றன.

அந்தச் சோற்றைக் கொட்டுவதே சரியான விடை. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மாலை 4 மணிக்கு அவரைக் கொட்டச் சொல்வது காலம் கடந்த அறிவுரை. முதலாளியின் திட்டும் நஷ்டமும் அவர் தலையில்தான் விழும். அவர் முடிவெடுக்க வேண்டிய உண்மையான தருணம் மதிய வேளை முடிந்த உடன். ஆகவே முதல் கேள்வியை அந்த நேரத்துக்கு நகர்த்துங்கள். மாலை 4 மணிக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். ஏஐயிடம் "இந்தத் தவறைத் தடுத்திருக்கக்கூடிய மிக முந்தைய தருணம் எது?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டுப் பழகினால் வகுப்பின் அமைப்பே மாறிவிடும்.

பொது விதிகளை உள்ளூர் உணவில் பொருத்தும்போது ஏஐ சறுக்கும். 'அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது' என்ற விதியை அது இட்லி மாவுக்கும் நீட்டி, அரைத்தவுடன் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லும். மாவு வெளியில் இருந்து புளித்தால்தான் இட்லி. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்கவைத்து, பெரும்பாலான கெட்ட கிருமிகளுக்கு அங்கே இடமில்லாமல் செய்கின்றன. மாவுக்கான விதி கிரைண்டரின் சுத்தம், நல்ல தண்ணீர், மூடிய பாத்திரம், புளித்தபின் குளிர் என்று வேறு வகையில் போகும். அந்த இரண்டு மணி நேர விதி முழுவீச்சில் பொருந்துவது வடித்த சோறு, குழம்பு, பால் பாயசம், தேங்காய்ச் சட்னி போன்றவற்றுக்கு. இட்லி மாவைத் தவறாகச் சொல்லும் வகுப்பை மாஸ்டர் அந்த நிமிடமே மூடிவிடுவார். மற்றவற்றில் நீங்கள் சொல்வது சரியாக இருந்தாலும் கேட்கமாட்டார்.

கேள்விகள் தயாரானதும் அவற்றை மூடுல் (Moodle) என்ற இணையவழி வகுப்பு மென்பொருளில் ஏற்ற, கிஃப்ட் (GIFT) என்ற எளிய எழுத்து வடிவில் தரும்படி ஏஐயைக் கேட்கலாம். சரியான விடைக்கு முன் =, தவறான விடைக்கு முன் ~, பின்னூட்டத்துக்கு முன் # என்பதுதான் அதன் இலக்கணம். கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடையும். நூறு கேள்விகளைக் கையால் தட்டச்சு செய்யும் வேலை இதனால் மிச்சமாகிறது.

படி 6: பாடத்தைச் சுருக்குங்கள்

ஓட்டலில் ஓய்வு கிடைப்பது காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையிலும், பிறகு மூன்றரை மணி வாக்கிலும்தான். கையில் ஒரு பழைய கைபேசி, காதில் ஒரு பக்க இயர்போன். ஒரு பாடம் நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து.

பாட உரையை எழுத ஏஐக்குக் கொடுக்க வேண்டியவை: இலக்கு, முடித்துவைத்த கேள்விகள், எண் அட்டவணை, சொற்பட்டியல், மாஸ்டரின் பேட்டியில் தொடர்புடைய பகுதி. இவ்வளவும் கொடுத்தபின் "இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தேவைப்படாத எந்தத் தகவலையும் சேர்க்காதே" என்று முடியுங்கள். ஒரே உரையாடலில் எல்லாப் பாடங்களையும் எழுதவைக்க வேண்டாம். தமிழ் எழுத்து ஏஐயின் நினைவுக் கொள்ளளவில் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் நீண்ட உரையாடலில் முன்பு சொன்ன விதிகள் நழுவும். பாடத்துக்கு ஓர் உரையாடல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நடையையும் கவனிக்க வேண்டும். எல்லா வாக்கியமும் 'முக்கியத்துவம் வாய்ந்ததாகும்', 'உறுதி செய்யப்பட வேண்டும்' என்று அலுவலக நடையிலோ செயப்பாட்டிலோ முடிவது ஏஐ தமிழின் தீராத பழக்கம். உரையை உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் உடையுங்கள். குரல் பதிவுக்கான உரை என்றால் பேச்சு வழக்கிலேயே எழுதுவது நல்லது. அதை ஏஐயைவிட அந்த ஊர்க்காரர் ஒருவர் திருத்துவதே சிறப்பு.

எண்ணெய் பற்றிய பாடத்தையும் ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம். பொரிக்கும் எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள், அதாவது சூட்டில் எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய விதி. ஏஐ இதை முதல் வரியில் போடும். அளக்கும் கருவி இல்லாத பஜ்ஜி மாஸ்டருக்கு இந்த எண்ணால் என்ன பயன்? நிறம் கறுத்தல், பிசுபிசுப்பு, விடாத நுரை, வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைதல் என்ற அறிகுறிகளைத்தான் பாடம் காட்ட வேண்டும். அந்த 25 சதவீதம் என்ற எண்ணை மேற்பார்வையாளருக்கான பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 7: படமும் குரலும்

ஏஐ உருவாக்கும் சமையலறைப் படங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வேன். வெள்ளைத் தொப்பி அணிந்த சமையல்காரரும் பளபளக்கும் எஃகு மேடையும்தான் பெரும்பாலும் வரும். பார்ப்பவர் அதில் தன் இடத்தைக் காணமாட்டார். உங்கள் கைபேசியில் அதே சமையலறையை, அதே அண்டாவை, அதே மாஸ்டரின் கையை எடுங்கள். வெளிச்சம் சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படத்தொகுப்பு, ஒலியைச் சுத்தம் செய்தல், வசன வரி சேர்த்தல் ஆகியவற்றை ஏஐயிடம் விட்டுவிடலாம். திரையில் பேசும் செயற்கை மனித உருவங்களுக்குப் பணம் கட்டும் முன், அந்தப் பணத்துக்கு உணவுக்குள் செருகிச் சூடு பார்க்கும் ஒரு வெப்பமானி வாங்கி மாஸ்டர் அதைப் பயன்படுத்துவதைப் படம்பிடியுங்கள்.

குரல் சொல்வதையே திரையில் வரிக்கு வரி எழுதிக் காட்டினால் கற்றல் கெடும் என்று ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் தமிழ் தாய்மொழியாக இல்லாதவருக்கு முக்கியச் சொற்கள் மட்டும் திரையில் தெரிவது உதவும். இன்றைய ஓட்டல் சமையலறைகளில் வங்காளம், ஒடியா, இந்தி, நேபாளி பேசும் பணியாளர்கள் ஏராளம். அவர்களுக்காக மொழிபெயர்ப்பது ஏஐ வந்தபின் மிக எளிதாகிவிட்டது. மத்திய அரசின் பாஷிணி என்ற மொழிபெயர்ப்புத் தளமும் இருக்கிறது. மொழிபெயர்த்ததை வேறொரு ஏஐயிடம் கொடுத்துத் தமிழுக்குத் திருப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். பிறகு அந்த மொழிக்காரப் பணியாளர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'கூடாது' என்பது 'கூடும்' என்று மாறிப்போன ஒரு வரி ஒரு பந்தி முழுவதையும் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும்.

செயற்கைக் குரல் இன்று தமிழில் கேட்கும்படி இருக்கிறது. எண்களிலும் அலகுகளிலும் தவறும். '5°C' என்று எழுதாமல் 'ஐந்து டிகிரி' என்று எழுத்தால் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் மேற்பார்வையாளரின் சொந்தக் குரலே மேல்.

படி 8: எதிர்க்கட்சியை நியமியுங்கள்

எழுதிய ஏஐயிடமே 'இது சரியா?' என்று கேட்டால் சரி என்றுதான் பெரும்பாலும் சொல்லும். புதிய உரையாடலில், முடிந்தால் வேறொரு ஏஐயில், பாத்திரம் கொடுத்துக் கேளுங்கள்: "நீ இந்த வகுப்பை வெறுக்கும் மூத்த மாஸ்டர். நடைமுறைக்கு ஒவ்வாத ஒவ்வொரு வரியையும் காட்டு." அடுத்து: "நீ உணவுப் பாதுகாப்பு அலுவலர். எண் அட்டவணையில் இல்லாத எண்களையும் முன்னுக்குப்பின் முரணான வரிகளையும் பட்டியலிடு." இரண்டாவது ஆய்வில் ஏஐ மிகத் திறமையானது. முதல் ஆய்வில் பாதி வெறும் ஊகம். ஆனால் மீதிப் பாதி உங்கள் கண்ணுக்குத் தப்பியவை.

சட்டம், உடல்நலம் சார்ந்த வரிகளை இறுதியாக ஒரு மனிதர், துறை அறிந்தவர், கையெழுத்திட்டு ஏற்க வேண்டும். இதற்கு மாற்று இல்லை.

படி 9: எங்கே வைப்பது

பெரிய நிறுவனமாக இருந்து ஏற்கெனவே கற்றல் மேலாண்மை அமைப்பு (பாடங்களை ஏற்றி, யார் முடித்தார் என்று பார்க்கும் மென்பொருள்) இருந்தால், அத்தகைய அமைப்புகள் ஏற்கும் பொது வடிவமான ஸ்கார்ம் (SCORM) பொதியாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கட்டற்ற மென்பொருளான மூடுல் போதும். அதன் கைபேசிச் செயலியில் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் பார்க்கலாம். அதனோடு இயங்கும் ஹெச்5பி (H5P) என்ற கருவி மூலம் காணொளியை இடையில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும். சோற்றுக் கேள்விக்கு அது அருமையாகப் பொருந்தும். பத்துப் பேர் உள்ள கடைக்கு மூடுலும் அதிகம். வாட்ஸ்அப் குழுவில் நாளொன்றுக்கு ஒரு காணொளி, ஒரு கேள்வி என்று அனுப்பினால் போதும்.

படி 10: மூன்று பேரோடு சோதனை, பிறகு சமையலறையில் அளவீடு

ஒரு மாஸ்டர், ஒரு சப்ளையர், ஒரு கிளீனர். அருகில் அமர்ந்து, அவர்கள் பாடம் பார்க்கும்போது மனதில் ஓடுவதைச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே காணொளியைத் தள்ளிவிடுகிறார்கள், எந்தச் சொல்லில் முகம் சுருங்குகிறது என்று பாருங்கள். ஏஐயைக் கற்பவராக நடிக்கவைத்து இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நடிக்கும் ஏஐக்குக் கை ஈரமாக இருப்பதில்லை, அடுத்த ஆர்டருக்கான அவசரம் இல்லை, படிக்கத் தெரியாததை மறைக்க வேண்டிய கூச்சமும் இல்லை.

வகுப்பு முடிந்தபின் நினைவு கரையும் என்பதை 1885-இலேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் எழுதிவைத்தார். திரும்பப் படிப்பதைவிடத் திரும்ப நினைவுகூர்வது அதிகம் நிலைக்கிறது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். ஆகவே மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று ஒரே இலக்கின் கேள்வியை வேறு வேறு சூழலில் அனுப்புங்கள். சோற்றுக் கேள்வி அடுத்த முறை சாம்பாராகவும் அதற்கடுத்து பிரியாணியாகவும் வரலாம். இந்த வகைவகையான கேள்விகளைத் தயாரிக்க ஏஐயைவிட நல்ல துணை இல்லை.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை அளக்க நான்கு நிலைகளை முன்வைத்தார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு கிடைத்ததா. பெரும்பாலான இணையவழி வகுப்புகள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் மூன்றாவதற்குப் போங்கள். படி 4-இல் எழுதிய இலக்குகளை அப்படியே ஒரு சரிபார்ப்புத் தாளாக மாற்றி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். மதிய வேளை முடிந்ததும் சோறு தட்டில் பரவியிருக்கிறதா? பச்சைக் கோழிக்குத் தனிப் பலகையா? வாரம் ஒரு முறை, முன்னறிவிப்பில்லாமல், ஐந்து நிமிடம். வகுப்புக்கு முன்னும் ஒரு முறை அதே தாளால் பார்த்து வைத்திருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

ஒரு செயல் மாறவே இல்லை என்று தாள் காட்டினால் பாடத்தை நீட்டாதீர்கள். முதலில் சமையலறைக்குப் போய், அந்தச் செயலைச் செய்யத் தேவையான பொருளும் இடமும் நேரமும் அவருக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தும் மாறவில்லை என்றால் அவரிடமே காரணம் கேட்டு, அந்தப் பதிலை அடுத்த கேள்வியின் தவறான விடையாக எழுதுங்கள். விதிமுறை திருத்தப்படும்போதெல்லாம் எண் அட்டவணையில் அந்த வரியை மாற்றி, அது வரும் பாடங்களை ஏஐயிடம் தேடச் சொல்லி, தேதியைப் புதுப்பித்துவிடுங்கள்.